இன்னொருத்தி பிள்ளைக்கு வைத்த படையல்

என் சின்ன மகனுக்கு, போனை எடுக்காத உன் அம்மா எழுதுவது.

நீ கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் போன் என் கையில்தான் இருந்தது. உன் பெயர் வரும், அடித்து ஓயும், மறையும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கோபம் தீர்ந்துபோய்த்தான் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே, தீரவில்லை. ஆனால் வருகிற வாரம் நீ சென்னைக்குப் போய் விமானம் ஏறப் போகிறாய் என்று உன் மாமா சொன்னான். "போகட்டுமா அம்மா?" என்று நீ கேட்டபோது பதில் சொல்லாமல் அடுப்பங்கரைக்கு எழுந்து போனவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உன்னை அனுப்புவது முறையில்லை. வாயால் பேசினால் பாதியில் திட்ட ஆரம்பித்துவிடுவேன். எழுதினால் திட்டுவதையும் வரிசையாகத் திட்டலாம். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதுதான். மெதுவாகவே படி.

நீ போகிற நாட்டின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பல வருஷம் சண்டை, அதற்குமேல் வெள்ளம், யார் பிணம் யாருடையது என்றே தெரியாமல் குழி குழியாகக் கிடக்கிறார்கள் என்றாய். பிணப் பரிசோதனை முறையாகத் தெரிந்த டாக்டர்களை அந்த நாடு முழுக்கத் தேடிப் பிடித்தாலும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்றாய். பல நாடுகள் சேர்ந்து பணம் போட்டு அங்கே சவக்கிடங்கும் ஆய்வுக்கூடமும் கட்டுகிறார்கள், அங்குள்ளவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். ஊரில் இந்தச் செய்தி எப்படிப் போயிருக்கிறது தெரியுமா? "இங்க கீற பொணம் போதலியாம், ஏரோப்ளேன் ஏறிப் போறானாம்" என்று எதிர்வீட்டுக்காரி என் காதுபடவே சொன்னாள். உன் மாமா இன்னும் ஒருபடி மேலே போய், "இருக்கிறதே ஒத்தப் புள்ள. அத்தயும் அனுப்பிட்டு நீ இன்னா பண்ணுவே?" என்று கேட்டான்.

உன் அண்ணன் வேலுவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து இதை ஒருநாளும் முழுசாகப் பேசியதில்லை. உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் வேலு திருமலையில் முடி கொடுப்பான் என்று வேண்டிக்கொண்டது நான். "படிக்கப் போறது அவன், முடி மட்டும் என்னுதாம்மா?" என்று அவன் கேலி செய்தான். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. சுருட்டை முடியும் மீசையுமாக, கண்ணாடி கண்ட இடத்திலெல்லாம் நின்றுவிடுவான். அவ்வளவு ஆசையாக வளர்த்த முடியை ஒரு பேச்சு எதிர்த்துப் பேசாமல் உனக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தான். மீசையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று மலையிலிருந்து போன் செய்து சிரித்தான். கீழே இறங்கிய பிறகு இன்னொரு முறை கூப்பிட்டான். மழை கொட்டுகிறது, புத்தூர் பஸ் இல்லை என்கிறார்கள், ரயிலடிவரை நடந்து பார்க்கிறேன் என்றான். அவ்வளவுதான் அவன் குரல்.

அந்த மழையில் திருப்பதித் தெருக்களிலேயே ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் ஓடியது. கால்வாயோடு அடித்துக்கொண்டு போனவர்கள் ஏர்பேடு பக்கம் வரை பிணமாக ஒதுங்கினார்கள். உன்னைப் பெற்ற நைனாவும் மாமாவும் வேலுவின் போட்டோவை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார்கள். போட்டோவில் இருந்தது சுருட்டை முடியும் மீசையும். தேட வேண்டியதோ அது இரண்டும் இல்லாத ஒருவனை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். குளிர்பெட்டி வேலை செய்யவில்லை, தரையிலேயே போட்டிருந்தார்களாம். மொட்டைத் தலையோடு மட்டுமே பல பேர். மலைக்கு வந்து போகிற ஊர் அது, மழையில் செத்தவன் மொட்டையாக இருப்பதில் என்ன அதிசயம்? ஊறி உப்பிய உடம்பில் முடியும் இல்லை, மீசையும் இல்லை என்றால் எல்லாருக்கும் ஒரே முகம்தான். அதில் ஒருவன் உயரம் சரியாக இருந்தது, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. நம் பக்கத்தில் எந்த ஆம்பிளை இடுப்பில் அது இல்லை? உன் நைனா அந்தக் கயிற்றைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார். உன் மாமா, "அவந்தான்" என்றான். அங்கிருந்த பிணவறைக்காரர், "குண்டு உந்தி, வயசு சரிபோயிந்தி, தீஸ்கெள்ளண்டி" என்றாராம். மொட்டை இருக்கிறது, வயசு ஒத்துப்போகிறது, எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு மனுஷன் யார் என்று முடிவு செய்ய அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. நமக்கும் போதுமாகத்தான் இருந்தது.

வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே கூடாது என்று ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து தடுத்தார்கள். நான் விடவில்லை. கால் பக்கம் மட்டும் கொஞ்சம் விலக்கினார்கள். பார்த்தேன். என் பிள்ளையின் கால் என்றுதான் நினைத்தேன். அதைக் கட்டிக்கொண்டுதான் அழுதேன். இப்போது ஊரில், "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது, மனசுக்குள் என்னவோ உறுத்தியது என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் கௌரவமாக இருக்கும். ஆனால் எதுவும் உறுத்தவில்லை. கல்யாணம் ஆகாதவனை எரிக்கும் வழக்கம் நம்மில் இல்லை என்பதால் நம் நிலத்தின் கடைசியில், மாமரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். சமாதி கட்டி வேலுவின் பெயரை எழுதினார் உன் நைனா.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் அவன் நாளில் படையல் வைத்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றால் வேலு சட்டியை வழித்துத் துன்னுவான், உனக்குத் தெரியும். கார்வேட்டிநகரம் சந்தையில் நல்ல கருவாடு கிடைக்காத வருஷத்தில் புத்தூர் வரை போய் வாங்கி வந்திருக்கிறேன். உன் நைனா சாகிற காலத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "என்ன அவன் பக்கத்துல போட்டுடு." அப்படியே செய்தோம். அவர் எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். இந்தக் கதையில் அதிர்ஷ்டக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

நீ டாக்டருக்குப் படித்து முடித்து, மேல்படிப்புக்குத் தடயவியல் மருத்துவம் எடுத்தேன் என்று வந்து நின்றாய். எனக்கு அந்தப் பேரே புரியவில்லை. புரிந்ததும் உன்னை என்ன பேச்சுப் பேசினேன்! குழந்தை டாக்டராக வருவாய், நான் வேலை பார்க்கிற அங்கன்வாடிக்கு வருகிற பிள்ளைகளை எல்லாம் உன்னிடம் அனுப்பலாம் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். உனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "பொணம் அறுக்கிற டாக்டருங்களா?" என்று கேட்டுவிட்டு எங்களுக்குக் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். அந்தக் கோபத்தையும் உன் மேல்தான் காட்டினேன். எதற்காக அந்தப் படிப்பை எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அண்ணனைத் தரையில் போட்டிருந்தார்கள் என்று மாமா சொன்னதை நீ வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அது எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் ஒரு வெளிநாட்டுக் குழு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அடையாளம் தெரியாத பிணங்களை எப்படி வைத்துக்கொள்வது, எப்படிப் படம் எடுப்பது, புதைத்தாலும் ஒரு பல்லையாவது எடுத்து ஏன் பத்திரப்படுத்த வேண்டும், குழிக்கு ஏன் நம்பர் போட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்கள் என்றாய். "நம்ம பொணத்துக்கு நம்பர் போடறதுக்கு ஃபாரின்லேர்ந்து ஆள் வரணுமா?" என்று உன் மாமா சிரித்தான். எனக்கும் நம்பிக்கை இல்லை. வெளிநாட்டு உதவி என்பதை நான் அங்கன்வாடியில் பார்த்தவள். குழந்தைகளை எடை பார்க்க அழகான மெஷின் வந்தது. கூட ஒரு கூட்டமே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது. பாட்டரி தீர்ந்தது. அந்த அளவு பாட்டரி சித்தூரிலும் இல்லை, திருப்பதியிலும் இல்லை. கடைசியில் அந்த மெஷின் மேல் முட்டை அட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு, பழைய கொக்கித் தராசிலேயே பிள்ளைகளைத் தொங்கவிட்டேன். உங்கள் குழுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆனால் தலைமையாக வந்த அந்த வயதான டாக்டரம்மா மெஷின் எதையும் முதலில் வாங்கவில்லை என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காணாமல்போன ஆளைத் தேடி வருகிறவர்களை உட்கார வைக்க நாற்காலி போடுங்கள், தமிழ் வந்தாலும் கன்னடம் வந்தாலும் பேச ஆள் வையுங்கள் என்றுதான் ஆரம்பித்தாளாம். பிணவறைக்கு நாற்காலியா என்று உங்கள் ஆஸ்பத்திரியிலேயே சிரித்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலி ஒன்றில்தான் சாந்திபுரத்துக் கோவிந்தம்மா வந்து உட்கார்ந்தாள். கிடைக்கிற எலும்போடு ஒத்துப்பார்க்க, காணாமல்போனவர்களின் குடும்பத்தாரிடம் எச்சில் எடுத்து வைக்கும் முகாம் அது. நீதான் அவளிடம் பேசியிருக்கிறாய். தன் மகன் சீனு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியதாகவும், அப்போது பெரிய மழை பெய்ததாகவும், குப்பம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால் பெங்களூருக்கு வேலைக்கு ஓடியிருப்பான், காசு தீர்ந்தால் வருவான் என்று அனுப்பிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறாள். எந்த மழை என்று கேட்டாய். அவள் சொன்னாள். நம் வேலு போன அதே மழை. அதோடு உனக்குத் தூக்கம் போய்விட்டது.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, போட்ட சோற்றைத் தொடாமல், "அம்மா, அண்ணன எடுத்துப் பாக்கணும்" என்றாய். நான் தட்டை வீசியது நினைவிருக்கும். "சாமி மாரி அவன் பாட்டுக்குத் தூங்கிக்கினு கீறான். உன் படிப்பக் காட்டறதுக்கு என் புள்ளதான் கெடச்சானா?" என்று கத்தினேன். மாமா ஓடிவந்தான். அவனுக்குப் பதற்றம் வேறு மாதிரி. "நாந்தானடா பாத்து அவந்தான்னு சொன்னேன். இல்லேன்னு ஆயிட்டா எம் மூஞ்சிய எங்கடா வெச்சிக்கிறது?" என்றான். நீ எங்கள் இரண்டு பேரிடமும் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாய். "அந்தம்மா இன்னும் பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுதாம்மா. அது புள்ள இங்க இருந்தா?" மறுவாரம் நானே திருப்பதிக்குப் பஸ் ஏறி வந்து, வாயைத் திறந்து, பஞ்சுக் குச்சியால் கன்னத்துக்குள் தேய்க்க விட்டேன்.

குழியைத் திறந்த அன்று நம் மண்டலத் தாசில்தார் எம்.ஆர்.ஓ. வந்திருந்தார், போலீஸ் வந்திருந்தது, ஊரும் வந்திருந்தது. நீ கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் போனாய். அந்த டாக்டரம்மா உன்னைத் தடுத்து என்னவோ சொன்னாள். நீ கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாய். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "இன்னிக்கு நீ டாக்டர் இல்ல, தம்பின்னு சொல்றாங்க" என்றாய். எனக்கு அப்போதுதான் அவள் மேல் மரியாதை வந்தது. முட்டி வலியோடு அவளும் மண்ணிலேயே உட்கார்ந்து, உன்னோடு வேலை செய்கிறவர்களை ஒவ்வொரு எலும்பாக எடுக்கச் சொன்னாள். தான் எதையும் தொடவில்லை. அவர்களே செய்ய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பக்கத்தில் உன் நைனாவின் சமாதி. மண் அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் பலகை வைத்து நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் எடுத்ததை எல்லாம் நான் பார்த்தேன். அன்றைக்கும் என் பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

பல மாதம் கழித்து நீ வந்தாய். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததுமே ஆயம்மாவிடம் முட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "அம்மா, அது அண்ணன் இல்ல" என்றாய். "அப்ப யாரு?" என்று கேட்டேன். "சாந்திபுரத்தம்மா புள்ள." "அப்ப நம்மவன்?" மழை பெய்த அந்த வாரம் யாரும் வந்து கேட்காத பிணங்களை நகராட்சி ஆட்கள் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, நம்பர் இல்லாமல் புதைத்ததையும், அதற்கு மேலும் பல வருஷம் புதைத்துக்கொண்டே போனதையும், ஒரு பல்லைக்கூட யாரும் எடுத்து வைக்காததையும் நீ சொல்லச் சொல்லக் கேட்டேன். வேலு அங்கே இருக்கலாம், ஆற்றோடு எங்கேயோ போயும் இருக்கலாம். எனக்கு இன்னொரு பயம் இருந்தது, அதையும் கேட்டேன். அநாதைப் பிணங்களைப் படிக்கிற பிள்ளைகள் அறுத்துப் பார்க்கக் கொடுப்பார்களாமே, அந்த வருஷம்தானே நீ காலேஜில் சேர்ந்தாய் என்றேன். "ஊறிப்போன உடம்ப எடுக்க மாட்டாங்கம்மா" என்றாய். பெற்ற பிள்ளையின் உடம்பு அழுகியிருந்ததில் ஒரு தாய் ஆறுதல் அடைந்தாள் என்றால் அது நானாகத்தான் இருக்கும்.

கோவிந்தம்மா தன் மகனை வாங்கிக்கொண்டு இங்கே வந்த அன்று நீ இல்லை. சட்டப்படி ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தாகிவிட்டது, ஆனால் அவன் இத்தனை வருஷம் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி இங்கே வந்துவிட்டாள். பையனின் எலும்புகள் இருந்த பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. குழி இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள், "என் புள்ளைக்கு நீ இன்னா வெச்சிப் படைச்சே?"

கருவாட்டுக் குழம்பு என்று சொன்னேன்.

"அவன் கருவாடு துன்ன மாட்டாம்மா. வாசன வந்தாலே தட்ட வுட்டு எழுந்து பூடுவான். வருசா வருசம் அத்தியா வெச்சே?" என்றாள். அதுவரை அழாதவள் அதற்குத்தான் அழுதாள். "உன்க்கு அழறதுக்கு ஒரு குழியாவது இருந்துச்சு. என் குழிய நீ எடுத்துக்கினு வந்துட்டே. எல்லாரும் அவன் பெங்களூர்ல பொண்டாட்டி புள்ளயோட கீறான்னாங்க. நான் அவன் மேல கோவமா இருந்தேம்மா. இத்தினி வருசம் செத்தவன் மேல கோவமா இருந்தேன்."

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் விடவில்லை, மன்னிக்கவும் இல்லை. போகும்போது வாசலில் நின்று, "உன்னுது கெடச்சானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கெடைப்பான்" என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும், அந்த வார்த்தை என்ன செய்யும் என்று.

இப்போது உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று புரிகிறதா? வேலு செத்துவிட்டான் என்று நான் அழுது முடித்திருந்தேன். அழுது முடிப்பது லேசான காரியம் இல்லை. நீ வந்து அது அவன் இல்லை என்றாய். அவன் இல்லை என்றால் அவன் சாகவில்லையோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்குள் புகுந்துவிட்டது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலையோடு எவன் போனாலும் முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறேன். போன மாதம் ஒருவன் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துச் சில்லறை கொடுத்தான். வேலு இருந்தால் அவனுக்கு இப்போது தொந்தியே விழுந்திருக்கும், நானோ இருபது சொச்சம் வயசுப் பையன்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படையல் நாள் வந்தது. எங்கே வைப்பது? உன் நைனாவின் பக்கத்தில் வெறும் குழி. அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. உண்மை தெரிந்தால் நிம்மதி வரும் என்று நீ சொன்னாய். எனக்கு வரவில்லை. இதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கேயும் நீ கொடுக்கப் போகிற பதில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இறங்கும்.

அப்படியானால் போகாதே என்று சொல்ல வேண்டியவள்தானே நான்? பல வாரமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன். கோவிந்தம்மாதான் சொல்ல விடவில்லை. அவள் மகனை இங்கே வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்த காலமெல்லாம் அவள் வாசலில் நின்றிருக்கிறாள். என் நிம்மதி அவளிடமிருந்து எடுத்தது. அந்த நாற்காலியை நம் வேலு போன வருஷமே யாராவது போட்டிருந்தால், குழிக்கு ஒரு தகரத் துண்டில் நம்பர் அடித்திருந்தால், அவளுக்கும் பிள்ளை கிடைத்திருப்பான், எனக்கும் கிடைத்திருப்பான். ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்று அந்த டாக்டரம்மாவிடம் உன்னை விட்டுக் கேட்கச் சொன்னேனே, அவள் என்ன பதில் சொன்னாள்? "எங்கள் நாட்டுக்கும் தாமதமாகத்தான் வந்தார்கள்." யாரோ ஒருவன் தாமதமாகவாவது போக வேண்டியிருக்கிறது. அது என் பிள்ளையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். பிடிக்காமலே சொல்கிறேன், போய் வா.

போகிற இடத்தில் பெரிய மனுஷனாக நடந்துகொள்ளாதே. நாங்கள் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்ற முகத்தோடு வந்த கூட்டங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தே எனக்குக் கை தேய்ந்திருக்கிறது. அவர்கள் பாஷையில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள், செத்துப்போனவனை அவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை முதலில் கற்றுக்கொள். அங்கே கிடைக்காத பாட்டரி எதையும் கொண்டுபோகாதே. உன் கையால் செய்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார். பணம் ஒருநாள் நிற்கும், நீங்கள் எல்லாரும் பெட்டியைக் கட்டுவீர்கள். இங்கே அந்தக் குழு போன பிறகு குளிர்பெட்டி ஓடுகிறதா என்று உன் மாமா இப்போது வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான், நம்புவாயா? பிணவறை வாசலில் நின்று, "ஏ.சி. ஓடுதா?" என்று கேட்கிறானாம், விரட்டினாலும் போவதில்லையாம். என்னுடைய எச்சில் அங்கே இருக்கிறது, வேலு என்றைக்காவது கிடைத்தால் ஒத்துப்பார்க்க நான் செத்தாலும் அது இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். அவன் முகத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு அந்த ஒரு இடம்தான் கிடைத்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. அந்த வாசனையோடு சாப்பிட முடியவில்லை என்றால் குளித்துவிட்டுச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே. போன் செய். எடுக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அங்கே ஒருத்தி வருவாள். வரிசையாகக் கிடக்கிறவர்களில் ஒருவனைக் காட்டி, இவன்தான் என் மகன் என்பாள். சத்தியம் செய்வாள், மேலே விழுந்து புரளுவாள், கொடுத்துவிடு என்று உன் சட்டையைப் பிடிப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று சுற்றி நிற்கிறவர்கள் உன்னைக் காறித் துப்புவார்கள். உனக்கும் இளகும், பாவம், கொடுத்து அனுப்பிவிடலாம், அழுதாவது முடிக்கட்டும் என்று தோன்றும். கொடுக்காதே. பெற்றவளுக்குத் தெரியாது. நான் பெற்றவள், எனக்குத் தெரியவில்லை. அவளை உட்கார வை, தண்ணீர் கொடு, எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கச் சொல். அவள் விடுகிற சாபத்தையெல்லாம் நான் இங்கே வாங்கிக்கொள்கிறேன். நீ அவளுக்கு அவள் பிள்ளையைக் கொடு.

உன் அம்மா